சரசக்காவின் பாகற்பந்தலும் என் வயிற்றெரிச்சலும்

என் அன்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் ஒருசேர உரிய சரசக்காவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் தோட்டம் உண்டா, தண்ணீர் வசதி எப்படி, எதுவும் எனக்குத் தெரியாது. தோட்டம் என்று ஒன்று இருந்தால் அங்கேயும் உங்கள் காய்தான் முதலில் விலை போயிருக்கும். இதை நான் சந்தோஷத்தில் சொல்லவில்லை.

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ‘வாங்கக்கா, சாப்ட்டீங்களாக்கா, பந்தல் இந்தத் தடவ நல்லா வந்திருக்குதுங்கக்கா’ என்று வாய் நிறைய மரியாதைதான். நம் பக்கம் சண்டையைக்கூட ‘ஏனுங்க’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்தால் பாதிச் சண்டை அங்கேயே நமுத்துப் போய்விடுகிறது. மீதிப் பாதி என் வயிற்றுக்குள் கிடக்கிறது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வேறு யாராவது இதைப் படித்தாலும் விளங்க வேண்டும் அல்லவா? காரமடைக்குப் பக்கத்தில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம் இருவரும். அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான். பாகம் பிரித்தபோது இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு வந்தது. கிணறு பொது. வரப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் பாகற்பந்தல், இந்தப் பக்கம் என்னுடையது. விதை ஒன்று, தண்ணீர் ஒன்று, மண்ணும் ஒன்று. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையை இறக்கியதும் வியாபாரி கேட்பது, “சரசக்கா காய் எதுங்க?” என்றுதான். என் மூட்டை அவர் காலுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. எதிர் வரிசையில் இருக்கிறவர்கள் உங்களிடம் தோட்டத்து வியாதிகளைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிறது, தக்காளி இலை சுருட்டுகிறது, கத்திரிக் குருத்து வாடித் தொங்குகிறது. நீங்கள் ரசத்தைப் பிசைந்துகொண்டே பதில் சொல்வீர்கள். வெண்டைச் செடியை வேரோடு பிடுங்கிவிடு, வெள்ளை ஈ அடுத்த செடிக்குப் போவதற்கு முன்னால். கத்திரிக் குருத்தைக் கிள்ளி எரி, புழு அதற்குள்தான் இருக்கும். எனக்கும் தெரிந்த விஷயங்கள்தான். என்னை ஒருவர் கேட்டால்தானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பந்தலில் ஒரு திருஷ்டிப் பொம்மை கட்டியிருந்தீர்கள். கரிச்சட்டித் தலை, உங்கள் வீட்டுக்காரர், அதாவது என் மச்சாண்டாரின் பழைய சட்டை. வழியில் போகிறவர் கண் படக்கூடாது என்றால் அதை ரோட்டைப் பார்த்துத்தானே கட்ட வேண்டும்? அது என் தோட்டத்தைப் பார்த்து நின்றது. யார் கண்ணுக்குப் பயந்து கட்டினீர்கள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

தினமும் காலையில் பறிப்புக்கு முன்னால் ஒரு சாக்கோடு பந்தலுக்குள் நுழைவீர்கள். கீழே விழுந்த பிஞ்சு, கோணிப்போன காய், பழ ஈ குத்திப் பிசின் துளிர்த்த காய், எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய்க் குழியில் போட்டு மண்ணைத் தள்ளுவீர்கள். பிறகு களைக்கொத்தை எடுத்துக் கொடியின் அடிமண்ணைக் கிளறிவிடுவீர்கள். பந்தலில் அங்கங்கே ஓட்டை போட்ட பாட்டில் தொங்கும், உள்ளே ஈயை இழுக்க நனைத்த கருவாட்டுத் தூள். கருவாட்டை வாயில் வைக்காத நீங்கள் அந்த நாற்றத்துக்கு நடுவில் மூக்கைக்கூட சுளிக்காமல் வேலை செய்வீர்கள். ‘உங்க அண்ணி பந்தல்ல கருவாட்டுக் குழம்பு வெக்கறாங்க’ என்று உங்கள் கொழுந்தனாரிடம், அதுதான் என் வீட்டுக்காரரிடம், சொல்லிச் சிரிப்பேன். என் பந்தலில் பாட்டிலும் இல்லை, குழியும் இல்லை. பூச்சிமருந்துக் கடையில் கொடுத்ததை அவர் அடிப்பார். காய் சுத்தமாக வரும். அவர் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன விதத்திலும் எனக்குப் பொறாமைதான். வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடலாம் என்று பந்தலுக்குள் போனீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். கார் மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில் கிடத்தியிருந்தபோது வந்த பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டே ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கொடுத்து வெச்சவ, பூவோடும் பொட்டோடும் போயிட்டா. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். சத்தியமாக அழுதேன். ஆனாலும் மனதில் ஒரு மூலை, இதையும் நீங்களே முதலில் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்களே என்று கணக்குப் பார்த்தது.

காரியம் முடிந்தது. வந்தவர்கள் கலைந்தார்கள். உங்கள் மகள் பெங்களூருக்குத் திரும்பினாள். மச்சாண்டார் மட்டும் தினமும் விடிந்ததும் உங்கள் பந்தலுக்குள் போய், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிடுவார். பறிக்க வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘இருக்கட்டும், அவ கட்டுன கொடி’ என்றாராம். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. துக்க வீட்டில் காய் பறிக்கச் சொல்லுவது எப்படி? மரியாதை என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

அந்த மரியாதையில்தான் புழு வளர்ந்தது, அக்கா. உங்கள் காயெல்லாம் முற்றிப் பழுத்து மஞ்சளாகி, வெடித்துச் சிவந்த விதை தெரியத் தொங்கியது. விழுந்தது விழுந்த இடத்தில் அழுகியது. பழ ஈக்கு இதைவிட என்ன வேண்டும்? பிஞ்சைக் குத்தி முட்டை வைத்தது. காய்க்குள் தின்று கொழுத்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, ஈயாக மேலே வந்தது. வந்த ஈக்கு வரப்பு தெரியுமா, பாகப் பிரிவினை தெரியுமா? நேராக என் பந்தலுக்கு வந்தது.

எனக்கு இந்தப் போகம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். நெல்லித்துறைக்குப் போகிற வழியில் ஒருவர் பந்தல் கம்பி விற்கிறார் என்று கேட்டு, கல்தூண் நட்டு, முதல் தடவையாக என் இஷ்டப்படி முழுத் தோட்டத்துக்கும் பந்தல் போட்டது இந்தப் போகத்தில்தான். இந்தத் தடவையாவது மண்டியில் என் பேரைச் சொல்லிக் கேட்பார்கள் என்று இருந்தேன். பறித்த காயில் நல்லதைத் தேட வேண்டியிருந்தது. நிமிர்ந்து வளர வேண்டிய பிஞ்சு கொக்கி மாதிரி வளைந்து மஞ்சளாகி விழுந்தது. அவர் மருந்து அடித்தார். அடுத்து வேறு மருந்து அடித்தார். பூவுக்கு வந்துகொண்டிருந்த தேனீதான் காணாமல் போனது.

மருந்துக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் நான் கொண்டுபோன காயைப் பிளந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். “இது உள்ள இருக்குற புழுவுங்க, மேல அடிக்கற மருந்து இதுக்கு எப்படிங்க போய்ச் சேரும்? பக்கத்துப் பந்தல்ல விழுந்து கெடக்கறத அள்ளோணுமுங்க” என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அந்தம்மா இருந்த வரைக்கும் உங்க பக்கம் இந்த ஈ ஏதாச்சும் வந்துச்சுங்களா?” என்றும் கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பந்தலில் காய் சுத்தமாக வந்தது என் மருந்தாலும் இல்லை, அவர் கைராசியாலும் இல்லை. உங்கள் குழியாலும் கருவாட்டாலும் வந்ததா? என் விளைச்சலிலும் பாதி உங்களுடையதா? செத்தும் ஜெயிப்பது என்றால் இதுதானா, அக்கா?

சரி, மச்சாண்டாரிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரோடு நேராகப் பேசியதில்லை. புருஷனின் அண்ணன் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும், நின்று பேசக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எதுவானாலும் உங்கள் வழியாகத்தான். அவர் முன்னாலேயே நிற்பார், நான் உங்களைப் பார்த்து, ‘அக்கா, மச்சாண்டாருக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க’ என்பேன். நீங்கள் கேட்காமலேயே அவர் உங்களிடம், ‘வேண்டாமுன்னு சொல்லு’ என்பார். ஊரில் பல வீட்டில் இதெல்லாம் போய்விட்டது. நம் வீட்டில் மட்டும் யாரும் நிறுத்தவில்லை, அதனால் நடந்துகொண்டே இருந்தது.

உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். ‘அது அம்மாவோட கொடி சித்தி, அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்’ என்று அழுதாள். இவரைச் சொல்லச் சொன்னேன். அண்ணன் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்தார். அன்றைக்குத்தான் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

“நாஞ் செத்தா என்ற கொடிய இப்படி விட்டு வெப்பீங்களா?”

சாப்பாட்டு இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். “காய் முத்திப் போயிருமே, கலா.”

அவர் சொன்னது சரிதான். விவசாயி அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு அவருக்கு இரண்டாவது கரண்டி ரசம் ஊற்றவில்லை. உங்கள் காய், உங்கள் பேர், உங்கள் கைப்பக்குவம், இதற்கெல்லாம் பொறாமைப்பட்டது வேறு. ஒருவர் தன் போகமே அழிந்தாலும் பரவாயில்லை என்று உங்கள் கொடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாரே, அதற்குப் பட்ட பொறாமை வேறு. அதற்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

மறுநாள் காலையில் என் பந்தலில் விழுந்த காய்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு வரப்புக்குப் போனேன். மச்சாண்டார் அந்தப் பக்கம் எப்போதும் போலக் கூடை மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் மரியாதைதான். பழகிய வழியில்தான் வார்த்தை வந்தது. உங்கள் பந்தலைப் பார்த்து உங்களோடு பேசினேன்.

“ஏனுங்கக்கா, உங்க பந்தல்ல விழுந்த காயெல்லாம் புழுவா இருக்குதுங்க. ஈயெல்லாம் இந்தப் பக்கம் வந்து என்ற பந்தலும் போச்சுங்க. அவருகிட்டச் சொல்லுங்கக்கா.”

சொல்லிவிட்டு நின்றேன். நீங்கள் ‘ஏனுங்க, கலா சொல்றது கேட்டுதுங்களா’ என்று ஆரம்பிப்பீர்களே, அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மச்சாண்டார் கூடையை விட்டு எழுந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“அவ இல்லியே, அம்மணி. இனி என்ற கிட்டயே சொல்லு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. நீங்கள் போன அன்றைக்கு ஆண்கள் வரிசையில் விறைத்து நின்றவர், வரப்பில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். என் முந்தானையிலிருந்து ஒரு காயை எடுத்துப் பிளந்தார். உள்ளேயிருந்த புழு வெளிச்சம் பட்டதும் துள்ளி அவர் கையில் விழுந்தது. ‘இத அவ பாத்திருந்தா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பா’ என்றார். உடனே குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும், இவரும் வந்து சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் பொறுக்கினோம். விழுந்ததையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி வெயிலில் வேகவைத்தோம். உங்கள் பழைய குழி பத்தவில்லை, இவர் ஆழமாக இன்னொன்று வெட்டினார். அடுத்த நாள் கொடியை அறுத்தோம். கொடி காய்ந்து கம்பியோடு ஒட்டியிருந்தது. கம்பியில் நீங்கள் போட்ட கயிற்று முடிச்சுகளை நான் அறுக்கப் போனபோது மச்சாண்டார் தடுத்தார். ‘முடிச்சு இருக்கட்டும், அம்மணி. அதுல ஈ வராது’ என்றார். முடிச்சுகள் இன்னும் இருக்கின்றன. நான் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அடிமண்ணைக் கிளறினோம். வெளியே வந்த கூட்டுப்புழுவைக் கோழிகள் பார்த்துக்கொண்டன. என் பந்தலில் பாட்டில் கட்டினேன். கருவாடும் போட்டேன், உங்கள் கொழுந்தனார் சிரித்தார். என் போகத்தில் பாதிதான் தேறியது. தேறிய பாதி நல்ல காய்.

இப்போது மச்சாண்டார் என்னோடு பேசுகிறார். பேசாமல் இருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறார். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. ஆனால் பேச்சில் முக்கால்வாசி நீங்கள்தான். அவருக்கு இன்னொரு தடவை குழம்பு ஊற்றிக்கொண்டே நான் உம் கொட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் தோட்டத்தில் அடுத்து என்ன போடலாம் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தலை நிமிர்ந்தது. ஒரு போகம் பாகல், புடலை, பீர்க்கு எதுவும் வேண்டாம், ஈ பட்டினி கிடக்கட்டும், சின்ன வெங்காயம் போடலாம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, ‘அவளும் அதத்தான் சொல்லியிருப்பா’ என்றார். நிமிர்ந்த தலையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு அம்மா வந்தார். பெருந்துறைப் பக்கம். காரமடைக் கோயிலுக்கு வந்தவர், வழி விசாரித்துக்கொண்டு நேராக நம் வாசலுக்கு வந்துவிட்டார். கொய்யாவில் பழமெல்லாம் உள்ளே புழுவாகிறதாம், யாரோ கல்யாணத்தில் உங்களைப் பற்றிச் சொன்னார்களாம். “சரசக்கா ஊடு இதுதானுங்களா?” என்றார். கையில் ஒரு பை, அதில் இரண்டு சொத்தைக் கொய்யா.

நீங்கள் இல்லை என்று சொன்னேன். அவர் முகம் வாடி, அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். பிறகு நானே கேட்டேன், விழுந்த பழத்தை என்ன செய்கிறீர்கள் என்று. மரத்தடியிலேயே கிடக்கிறது என்றார். அவரைக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கொய்யாவுக்கு வருகிற ஈ வேறு, ஆனால் வழி ஒன்றுதான், பழுக்க விடாமல் பறியுங்கள், விழுந்ததை அன்றன்றைக்கே புதையுங்கள், மரத்தடியைக் கிளறுங்கள், நீங்கள் மட்டும் செய்தால் போதாது, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் போய்ச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்துத் தோட்டம் அவருடைய ஓரகத்தியுடையதாம், பேச்சுவார்த்தை இல்லையாம். அப்படியென்றால் இன்றைக்கே போய்ப் பேசுங்கள் என்றேன். நான் அப்படிச் சொல்கிற ஆளா, அக்கா? என் வாயிலிருந்து எப்படி வந்தது?

கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார், “நீங்க சரசக்காவுக்கு என்ன வேணுமுங்க?”

அத்தனை வருடமும் யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் ஒன்றுதான், ஓரகத்தி. கொஞ்சம் விலகி நின்று சொல்கிற வார்த்தை அது. அன்றைக்கு அது நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

“தங்கச்சிங்க” என்றேன்.

‘அதான பாத்தேன்’ என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் போன அன்றைக்கு அழாத அழுகையை அழுதேன். அன்றைக்கு அழுததில் கணக்கு இருந்தது. இதில் இல்லை.

அதற்காகப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதை நான் குழியில் போட மாட்டேன். அது இருக்கிறவரைக்கும்தான் வரப்புக்கு அந்தப் பக்கம் யாரோ வேலை செய்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். உங்கள் தோட்டத்தில் என்ன விளைந்தாலும், ஒரு சொத்தைக் காய்கூட ராத்திரி தரையில் தங்காது. அந்தப் பெருந்துறை அம்மா அடுத்த தடவை வரும்போது என் பேரைச் சொல்லித்தான் வழி கேட்டு வர வேண்டும். வந்ததும் உங்களைப் பற்றி நானே முதலில் ஆரம்பிப்பேன்.

இப்படிக்கு,
கேட்கிறவர்களிடமெல்லாம் இனி இப்படியே சொல்லப் போகிற
உங்கள் தங்கச்சி
கலாமணி